அவ் லாக்: நத்தைக் கோட்டை அரசைக் கேமுக்குள் கொண்டுவருவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸீரோ ஏ.டி. என்ற இலவச ஸ்ட்ராட்டஜி கேமுக்காக ஒரு மாட் (ஏற்கெனவே உள்ள கேமில் ரசிகர்கள் சேர்க்கும் கூடுதல் பகுதி) செய்துகொண்டிருக்கிறேன். பண்டைய வியட்நாமின் அவ் லாக் அரசு அதில் நீங்கள் எடுத்து ஆடக்கூடிய தரப்பாக வரும். நண்பர்களிடம் காட்டும்போதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

அவ் லாக் என்றால் என்ன?

இன்றைய வடக்கு வியட்நாமில், செந்நதியின் டெல்டாவில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இருந்த அரசு. அதற்கு முன் அங்கே ஹுங் அரசர்களின் வான் லாங் நாடு இருந்ததாக வியட்நாமியர் சொல்கிறார்கள். துக் ஃபான் என்பவர் கடைசி ஹுங் அரசரை வென்று, ஆன் ஸுவோங் வுவோங் என்ற பட்டத்தோடு அவ் லாக்கை நிறுவினார். மரபுவழிக் கணக்கில் அது கி.மு. 257. அரை நூற்றாண்டு கழித்துத்தான் நடந்தது என்று கொள்ளும் ஆய்வாளர்களும் உண்டு. சுமார் கி.மு. 179இல் தெற்குச் சீனத்தின் நான்யுவே அரசு அதை விழுங்கிவிட்டது.

ஆக, ஒரே ஓர் அரசரின் ஆட்சிதான். ஆனால் அந்த அரசரின் கோட்டையும் அதற்குப் பின்னால் இருந்த வெண்கலக் கைத்திறனும் இன்றைக்கும் கண்ணால் பார்க்கக் கிடைக்கின்றன. அந்தக் கைத்திறனுக்கு டோங் சோன் பண்பாடு என்று பெயர். தான் ஹுவா மாகாணத்தில் மா ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு கிராமத்தின் பெயர் அது.

ஏன் ஸீரோ ஏ.டி.?

காலம் பொருந்துகிறது. கி.மு. 500 முதல் கி.மு. 1 வரையான உலகம்தான் அந்தக் கேமின் களம். மௌரியர்கள் இருக்கிறார்கள், 2022 முதல் ஹான் சீனர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே தென்கிழக்கு ஆசியா முழுக்க வெறுமையாகக் கிடப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொன்று, அது திறந்த மூல மென்பொருள். ஒரு படைப்பிரிவின் தன்மையை எழுதும் கோப்பைத் திறந்து எண்ணை மாற்றினால் போதும், ஆட்டத்தில் உடனே பார்த்துவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

வேறு கேம்களில் வியட்நாம் ஏற்கெனவே வந்துவிட்டதே?

வந்திருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் 2016 முதலே வியட்நாமியர் இருக்கிறார்கள். ஆனால் அது இடைக்கால வியட்நாம், 15ஆம் நூற்றாண்டின் லே லோய் காலம்வரை வருகிறது. சிவிலைசேஷன் 6இல் பா ட்ரியூ தலைமையில் 2021இல் வந்தார்கள். அவர் கி.பி. 248இல் கிளர்ச்சி செய்தவர்.

நான் எடுத்துக்கொண்ட காலத்துக்கு மிக அருகில் வருவது 2023இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் ரிட்டர்ன் ஆஃப் ரோம் தொகுப்பில் சேர்ந்த லாக் வியெத், அதாவது செந்நதி டெல்டாவின் பழைய மக்கள். முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் பழைய நாகரிகங்களோடு புதிதாகச் சேர்க்கப்பட்டது அது ஒன்றுதான். இருந்தாலும், அந்த வகைக் கேம்களில் எல்லா நாகரிகமும் ஒரே வீட்டின் வெவ்வேறு அறைகள் மாதிரி இருக்கும். சில எண்கள் மாறும், அவ்வளவுதான். அவ் லாக் வாழ்ந்த விதமே ஆட்டத்தில் தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வியட்நாம் என்றால் காட்டுக்குள் ஒளிந்து தாக்குவதுதானே? அந்த போனஸ் ஏன் இல்லை?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் போர்ப் படங்களைப் பார்த்து வந்த எண்ணம் அது. அதை 2,200 ஆண்டு பின்னால் தூக்கிக்கொண்டு போய் ஒட்டுவது சரியில்லை.

அவ் லாக் காட்டில் ஒளிந்த கூட்டம் இல்லை. சமவெளியில் உட்கார்ந்து, நீரைப் பார்த்துப் பார்த்து நெல் போட்டு, வெண்கலம் வார்த்து, பல கிலோமீட்டர் நீளத்துக்கு மண்மதில் எழுப்பிய விவசாய அரசு. அவ்வளவு மண்ணை வெட்டிச் சுமக்க எத்தனை ஆள் வேண்டும், அவர்களுக்கு யார் சோறு போடுவது, யார் மேற்பார்வை பார்ப்பது என்று யோசித்தாலே அதன் பலம் எங்கே இருந்தது என்று புரியும். மாட் முழுவதும் அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது: நீர், மண், வெண்கலம்.

பொருளாதாரம் எப்படி ஓடும்?

நெல் வயல்தான் அடிப்படை. லாக் மக்களின் வயல்களில் நீர் கடலின் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும், அதைப் பார்த்து அவர்கள் பயிர் செய்வார்கள் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. அதை அப்படியே ஆட்டத்துக்குள் எடுத்துக்கொண்டேன்.

அசல் கேமில் ஒரு வயலுக்கு 100 மரம் செலவாகும், ஐந்து பேர் வேலை செய்யலாம். அவ் லாக்கின் வயலுக்கு 150 மரம். ஆனால் ஆற்றுக்கோ கடலுக்கோ அருகில் போட்டால் விளைச்சல் 25 சதவீதம் அதிகம். தள்ளிப் போட்டால் அந்த அனுகூலம் கிடையாது. அதனால் ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே நீர் எங்கே என்று தேடிப் போகத் தொடங்குவீர்கள். எதிரிக்கும் உங்களை எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். இரண்டும் வேண்டும் என்றுதான் அப்படி வைத்தேன்.

வீடுகள் தூண்களின் மேல் நிற்கும், கூரையின் இரு முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும். கற்பனை இல்லை, வெண்கல முரசுகளில் செதுக்கியிருப்பதைப் பார்த்துச் செய்தது.

நீரே இல்லாத வரைபடத்தில்?

குளம் வெட்டலாம். கொஞ்சம் கல்லும் நிறைய நேரமும் ஆகும்.

நத்தைக் கோட்டை என்பது என்ன? ஆட்டத்தில் எப்படி வரும்?

ஹனோய் நகரின் வடக்கே டோங் ஆன் பகுதியில் கோ லுவா இருக்கிறது. ஆன் ஸுவோங் வுவோங்கின் தலைநகரம். மூன்று மதில்கள், ஒன்றுக்குள் ஒன்று. வெளி மதில் சுமார் 8 கிலோமீட்டர் சுற்றளவு, நடு மதில் 6.5 கிலோமீட்டர், உள் மதில் 1.65 கிலோமீட்டர். மூன்றையும் சேர்த்தால் 16 கிலோமீட்டருக்கு மண்! உள் மதில் செவ்வகம். வெளியே இருக்கும் இரண்டும் நிலத்தின் மேட்டையும் ஆற்றின் வளைவையும் ஒட்டியே வளைந்து போகின்றன. மேலிருந்து பார்த்தால் நத்தைக் கூடு போல் தெரியும், அதனால்தான் மக்கள் அப்படி அழைக்கிறார்கள். உள் மதிலுக்கு ஒரே ஒரு வாசல்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அகழிகள்தான். மூன்று அகழிகளும் ஒன்றோடொன்று இணைந்து, பக்கத்தில் ஓடும் ஹுவாங் ஆற்றில் சேர்ந்தன. அதாவது எதிரியைத் தடுத்த அதே நீரில் அரசரின் படகுகள் உள்ளேயும் வெளியேயும் போய் வரலாம். ஆறு அங்கே எதிரியின் வழியாக இல்லாமல் கோட்டையின் ஒரு பாகமாகிவிடுகிறது.

ஆட்டத்தில் மற்ற தரப்புகள் கல்மதில் கட்டும்போது அவ் லாக் மண்மதில் கட்டும். விலை மலிவு, கட்டும் நேரம் அதிகம். மண் என்பதால் இடிப்பு இயந்திரங்கள் அதன் மேல் அவ்வளவு எடுபடாது. மதிலைக் கட்டும்போது தோண்டிய மண் எங்கிருந்து வந்தது? அகழியில் இருந்துதானே! அதனால் ஒவ்வொரு மதில் துண்டுக்கும் வெளியே ஓர் அகழித் துண்டு தானாகவே வந்துவிடும். அதைக் கடக்கும் எதிரி வீரர்களின் வேகம் குறையும். ஆட்டம் வளர்ந்து நகரக் கட்டத்துக்கு வந்த பிறகு அகழியில் சிறு படகுகளை விடும் வசதியைக் கொண்டுவர இரண்டு மாதமாக முட்டி மோதுகிறேன். வரைபடத்தின் நீரை ஆட்டத்தின் நடுவில் மாற்றுவது லேசான வேலை இல்லை. இப்போதைக்கு அகழி காலாட்படையை மட்டும் தடுக்கும்.

ஆன் ஸுவோங் வுவோங்கின் மாய வில் ஆட்டத்தில் உண்டா?

கதை இது. கோட்டை கட்டக் கட்ட இரவில் சரிந்துகொண்டே இருந்ததாம். கிம் குய் என்ற பொன்னாமை வந்து அரசருக்கு உதவியது. போகும்போது தன் நகம் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தது. காவ் லோ என்ற தளபதி அதை விசையாக வைத்து ஒரு குறுக்குவில் (கிராஸ்போ) செய்தார். அதை ஒரு முறை எய்தால் ஆயிரக்கணக்கில் எதிரிகள் விழுந்தார்கள்.

கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் 1959இல் கோ லுவாவின் தெற்கே கௌ வுக் என்ற இடத்தில் மண்ணைத் தோண்டியபோது வெண்கல அம்பு முனைகள் குவியலாகக் கிடைத்தன, ஆயிரக்கணக்கில். பின்னர் 2000களின் நடுவில், அரசரின் கோயில் வளாகத்திலேயே அம்பு முனை வார்க்கும் கல் அச்சுகள் கிடைத்தன. கோட்டைக்குள்ளேயே, அரசரின் கண் முன்னால், அம்பு வார்த்துக் குவித்திருக்கிறார்கள். ஆமையின் நகம் இல்லாவிட்டால் என்ன, ஒரே அளவில் ஆயிரக்கணக்கான அம்பு முனைகளை வார்க்கத் தெரிந்த பட்டறை எதிரிக்கு மாயமாகத்தான் தெரிந்திருக்கும்.

அதனால் மாட்டில் மாயம் கிடையாது, வார்ப்புப் பட்டறை உண்டு. பட்டறையைக் கோட்டையின் உள் வட்டத்தில் கட்டினால் குறுக்குவில் வீரர்களுக்கு உலோகச் செலவு குறையும். நின்ற இடத்தில் நின்று வரிசையாக எய்யும்போது அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஓடிக்கொண்டே எய்ய அவர்களால் முடியாது. ஹானின் குறுக்குவில் வீரர்களோடு திறந்த வெளியில் மோதினால் தோற்பார்கள், மதிலுக்குப் பின்னால் இருந்தால் வெல்வார்கள்.

வெண்கல முரசு அலங்காரத்துக்கு மட்டும்தானா?

இல்லவே இல்லை. இந்த வேலையைத் தொடங்கியதே முரசால்தான்.

அன்றைய ஹா நாம் மாகாணத்தில் 1893 வாக்கில் கரை போடத் தோண்டியபோது கிடைத்த ஙொக் லூ முரசின் படத்தை ஒரு நாள் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறுக்களவு 79 சென்டிமீட்டர், எடை 86 கிலோ. நடுவில் 14 கதிர் கொண்ட விண்மீன். அதைச் சுற்றி வட்டம் வட்டமாக மான்களும் பறவைகளும். ஒரு வட்டத்தில் மனிதர்கள். இறகுத் தலைப்பாகை அணிந்து ஆடும் ஆட்கள், பரண் மேல் உட்கார்ந்து கீழே வரிசையாக வைத்த முரசுகளைக் கோலால் குத்தும் ஆட்கள். அப்புறம் ஓர் ஓரத்தில் இரண்டு பேர், நடுவில் உரல், கையில் நீண்ட உலக்கை. மாற்றி மாற்றி நெல் குத்துகிறார்கள். 2,000 ஆண்டுக்கு முந்தைய ஒரு வெண்கலக் கொல்லர், கடவுளுக்கும் போருக்கும் பக்கத்தில் நெல் குத்துவதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். அன்றிரவே மாட்டுக்கு ஒரு கோப்புறை திறந்துவிட்டேன்.

ஆட்டத்தில் முரசு மண்டபம் ஒரு கட்டடம். அது இருக்கும் வட்டத்துக்குள் வயலில் வேலை செய்பவர்கள் வேகமாக உழைப்பார்கள், வீரர்கள் கட்டடங்களை எதிரி கைப்பற்ற விடாமல் கூடுதல் நேரம் தாக்குப்பிடிப்பார்கள். உழவும் போரும் ஒரே முரசின் கீழ் வருவதற்கு ஓர் ஆதாரமும் இருக்கிறது. 1982இல் கோ லுவாவில் ஒரு பெரிய முரசைத் தோண்டி எடுத்தார்கள். அதன் வயிற்றுக்குள் சுமார் 200 வெண்கலப் பொருட்கள், அவற்றில் ஏராளமானவை கலப்பைக் கொழுக்கள்.

இன்னொரு விதியும் உண்டு. எதிரி முரசு மண்டபத்தைக் கைப்பற்றினால், அதை அழித்து 300 உலோகம் எடுத்துக்கொள்ளலாம். ஹான் தளபதி மா யுவான் கி.பி. 43இல் இந்த நாட்டை அடக்கிய பிறகு, லாக் வியெத் மக்களின் முரசுகளை எடுத்து உருக்கி, நல்ல குதிரைக்கு இலக்கணமாக ஒரு வெண்கலக் குதிரை வார்த்தார் என்று சீன வரலாறே பதிவு செய்திருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது எத்தனை உரல்களும் உலக்கைகளும் உருகிப் போயிருக்கும் என்று நினைத்து வருந்தினேன். ஆடுபவருக்கும் அந்த இழப்பு உறைக்க வேண்டும் என்றுதான் இந்த விதி.

யானைப்படை உண்டா?

சிறிய அளவில், அதுவும் கடைசிக் கட்டத்தில். வியட்நாமின் யானைப்படைக் கதைகள் பெரும்பாலும் பிற்காலத்தவை. ஹான் ஆட்சியை எதிர்த்த ட்ருங் சகோதரிகள் யானை மேல் வருவது நாட்டுப்புற ஓவியங்களில் நிலைத்துவிட்ட காட்சி. ஆனால் டோங் சோன் மக்களுக்கு யானை பழக்கமானதுதான். ஙே ஆன் மாகாணத்தில் லாங் வாக் என்ற இடத்தில் கிடைத்த குத்துவாள் ஒன்றின் கைப்பிடியில் இரண்டு பாம்புகள் பின்னி ஒரு யானையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அதனால் யானை வரும், மரம் சுமக்கவும் தலைவரைச் சுமக்கவும். மௌரியர்களோடு இந்த விஷயத்தில் போட்டி போடப் போவதில்லை.

குதிரை?

வேவு பார்க்க ஒரே ஒரு வகை. சேற்று வயலில் குதிரைக்கு என்ன வேலை?

கடற்படை பலமா?

ஆற்றில் பலம், கடலில் சுமார். ஙொக் லூ முரசின் பக்கவாட்டில் ஆறு படகுகள் இருக்கின்றன. நீளமான உடல், பறவைத் தலை போன்ற முகப்பு, நடுவில் சிறு மேடை, மேடை மேல் வில்லோடு ஒருவர். அதைப் பார்த்தே போர்ப்படகை வடிவமைத்தேன். விலை குறைவு, வேகம் அதிகம், ஆட்களை ஏற்றி இறக்குவது சுலபம். கார்த்தேஜின் பெரிய கப்பல் நேரே வந்து நின்றால் விலகி ஓடிவிடுங்கள்.

நாயகர்கள் யார்? ட்ருங் சகோதரிகளை ஏன் விட்டீர்கள்?

ட்ருங் ட்ராக், ட்ருங் நி இருவரும் எனக்கும் மிகவும் பிடித்தவர்கள். கி.பி. 40இல் ஹான் ஆட்சிக்கு எதிராக எழுந்து 65 ஊர்களைப் பிடித்து, மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தவர்கள். ஆனால் கேமின் காலம் கி.மு. 1இல் முடிகிறது. நாற்பது ஆண்டுதானே என்று வளைத்தால், அடுத்து நூறு ஆண்டு வளைக்கத் தோன்றும்.

மூன்று பேர் வைத்திருக்கிறேன். முதலில் ஆன் ஸுவோங் வுவோங், அவர் அருகில் இருந்தால் மதில் கட்டும் வேகம் கூடும். இரண்டாவது காவ் லோ, குறுக்குவில்காரர்களுக்கானவர். மூன்றாவது ஆளைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்: தய் வூ அரசர். கி.மு. 111இல் ஹான் படைகள் நான்யுவேயை அழித்த சமயத்தில் பழைய அவ் லாக் நிலத்தில் ஒரு தய் வூ அரசர் இருந்தார், ஹுவாங் தோங் என்ற அதிகாரி அவரைக் கொன்றார் என்று சீனப் பதிவு ஒன்றே ஒரு வரி சொல்கிறது. பெயர்கூட இல்லை, பட்டம் மட்டும்தான். அந்த ஒரு வரிக்காகவே அவரைச் சேர்த்தேன். மற்ற எல்லாம் விழுந்த பிறகுதான் அவருடைய பலம் வெளிப்படும்: நகர மையம் பறிபோன பிறகும் அவரைச் சுற்றியுள்ள வீரர்களின் தாக்குதல் கூடும்.

கூட்டணி போட்டால் பலவீனம் என்று ஒரு விதி இருக்கிறதே, அது எதற்கு?

அவ் லாக் எப்படி விழுந்தது என்பது தெரிந்தால் அந்த விதி புரியும்.

நான்யுவேயின் ட்ரியூ டா (சீனத்தில் சாவோ துவோ) கோட்டையை மோதிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லையாம். சமாதானம் பேசி, தன் மகன் ட்ரோங் துய்யை அரசரின் மகள் மி சௌவுக்குக் கட்டி வைத்தார். மருமகன் கோட்டைக்குள்ளேயே வந்து தங்கினான். மனைவியிடம் பேச்சுக் கொடுத்து வில்லைப் பார்த்தான், ஆமை நகத்தை எடுத்துவிட்டுப் போலி நகத்தை வைத்தான். போகும்போது, பிரிந்துவிட்டால் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கேட்டான். என் மேலாடையின் வாத்து இறகுகளைப் பிய்த்து வழியில் போட்டுக்கொண்டே போவேன் என்றாள் அவள். படை வந்தது, வில் வேலை செய்யவில்லை. அரசர் மகளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார். இறகுகளைப் பிடித்தே எதிரி பின்னால் வந்தான். ஆமை எழுந்து, உன் பின்னால் உட்கார்ந்திருப்பவள்தான் எதிரி என்றது. அரசர் மகளை வெட்டிவிட்டுக் கடலுக்குள் போய்விட்டார். அவளுடைய ரத்தம் சிப்பிகளுக்குள் போய் முத்தானது. ட்ரோங் துய் கிணற்றில் விழுந்து செத்தான். அந்தக் கிணற்று நீரில் கழுவினால் முத்து இன்னும் ஒளிரும் என்பார்கள்.

கோ லுவாவில் மி சௌவுக்குச் சிறு கோயில் உண்டு. உள்ளே தலையில்லாத ஒரு கல்தான் தெய்வம். அதற்குப் பட்டுடுத்தி நகை போட்டு வைத்திருக்கிறார்கள். நாட்டையே இழக்கக் காரணமானவள் என்று சொல்லும் அதே மக்கள் அவளுக்கு விளக்கேற்றுகிறார்கள்.

இதை ஆட்டத்தில் எப்படிச் சொல்வது? மதில் உள்ளவரை அவ் லாக்கை வெளியிலிருந்து உடைப்பது கடினம். ஆனால் கூட்டாளி ஒருவர் உறவை முறித்தால், அடுத்த இரண்டு நிமிடத்துக்கு அவ் லாக்கின் எல்லைக்குள் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும், குறுக்குவில்காரர்களின் எட்டும் தூரமும் குறையும். அதற்காக யாரோடும் சேராமலே ஆடலாமே என்பீர்கள். ஆடலாம். ஆனால் வணிகத்தில் பின்தங்குவீர்கள், வெண்கல மேம்பாடுகளுக்கு உலோகம் போதாது. ஒருமுறை மூன்று பேர் ஆட்டத்தில் என் நெருங்கிய நண்பனே 22ஆவது நிமிடத்தில் என்னை முறித்துக்கொண்டான். மூன்று மதிலும் அப்படியே நின்றன, நான் தோற்றேன். விதி சரியாக வேலை செய்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அவ் லாக் வியட்நாமியருக்கு மட்டும் உரியதா?

லாக் என்ற பெயர் பழைய சீன நூல்களில் இன்றைய குவாங்ஷி வரை நீள்கிறது, அங்குள்ள சுவாங் மக்களும் லாக் மக்களைத் தங்கள் முன்னோர் என்கிறார்கள். டோங் சோன் முரசுகளோ இந்தோனேசியத் தீவுகள் வரை கிடைக்கின்றன. மாட்டின் அறிமுகக் குறிப்பில் செந்நதி டெல்டாவின் அரசு என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

பெயர்களை எப்படி உச்சரிப்பது?

வியட்நாமிய எழுத்தில் இரண்டு ட இருக்கிறது. குறுக்குக்கோடு போட்டது நம் ட. கோடு இல்லாதது வடக்கே ஸ என்றும் தெற்கே ய என்றும் ஒலிக்கும். அதனால்தான் டோங் சோன், ஆனால் ஆன் ஸுவோங் வுவோங். ஙொக் லூ என்பதற்கு நம்மிடம் ங இருப்பது பெரிய வசதி. அந்த எழுத்தில் தொடங்கும் சொல் தமிழில் அரிது, அங்கே ஏராளம்.

வீரர்கள் எந்த மொழியில் பேசுவார்கள்?

ஸீரோ ஏ.டி.யில் கிரேக்க வீரரைச் சொடுக்கினால் பண்டைய கிரேக்கத்தில் பதில் சொல்வார். அவ் லாக்குக்கு அப்படிச் செய்ய முடியவில்லை. அவர்கள் எழுதி வைத்த எதுவும் நம் கையில் இல்லை. இன்றைய வியட்நாமிய மொழியைப் போட்டால், அதன் தொனிகளில் பெரும்பகுதி பிற்காலத்தில் வந்தவை. அதனால் இப்போதைக்குப் பேச்சு இல்லை. ஒரு வீரரைச் சொடுக்கினால் முரசில் ஓர் அடி கேட்கும். தாக்கச் சொன்னால் மூன்று அடி. வயலுக்கு அனுப்பினால் இரண்டு உலக்கை மாறி மாறி உரலில் விழும் சத்தம்.